முதலில் நகர்ந்தவன் தோற்றான்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். உலகத்தில் வேறு சிலர் அவரை ராஜகுரு என்று கூப்பிடுகிறார்கள். நான் மாமா என்பதற்குக் காரணம் இருக்கிறது, அக்காவைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் ராஜகுரு என்பதற்கு என்ன காரணம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்க வேண்டியதை எல்லாம் சிரித்து முடித்தாயிற்று, இப்போது எரிச்சல்தான் மிச்சம்.

மாமா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்ப்பவர். முன்பக்கம் கவுண்டர், அலமாரி நிறைய ஃபிரேம், பளிச்சென்று விளக்கு. பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு அறை. அங்கே ஒரு மெஷின் இருக்கிறது. வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு அது தேய்த்துக் கொடுக்கும். தேய்க்கும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பல்லைக் கூச வைக்கும் சத்தம் வரும். மாமா லென்ஸில் மையால் ஒரு புள்ளி வைத்து, அது போடுகிறவரின் கருவிழிக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, மெஷினில் ஒட்டி, தேய்த்து எடுத்து, ஃபிரேமைச் சூடு காட்டி உள்ளே அழுத்துவார். டக்கென்று உட்காரும். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. எரிச்சல் இருக்கிறது என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு வேலை லென்ஸ் கம்பெனியில். கடைகளுக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். அதனால் மாமாவைக் கடையிலும் பார்ப்பேன், வீட்டிலும் பார்ப்பேன். இந்தத் தண்டனை எந்த மச்சானுக்கும் வரக்கூடாது.

வீடு என்றால் ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் பீரோ, நடுவில் நடக்க ஒரு வழி. மீதி இடம் முழுக்க மாமாவின் கம்ப்யூட்டர் மேஜை. அக்கா மகளின் பாயை விரித்தால் அவள் கால் மேஜைக்கு அடியில் போய்விடும். குழந்தை தூக்கத்தில் புரண்டு ஒருமுறை ப்ளக் பாயிண்டை உதைத்துவிட்டாள். மாமாவின் தலைநகரம் அப்படியே அணைந்துபோனது. அன்றைக்கு அவர் போட்ட கூச்சலில் மேல்மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க, சாம்ராஜ்யம் கவுந்துடுச்சு" என்றாள் அக்கா.

மாமா விளையாடுவது சுடுகிற விளையாட்டோ, கார் ஓட்டுகிற விளையாட்டோ அல்ல. மூளை விளையாட்டு என்பார். ஊரைக் கட்டி, வயலை உழுது, வரி வாங்கி, படை திரட்டி, எதிரி நாட்டைப் பிடிக்க வேண்டும். அதன் முதல் பாகத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே விளையாடி முடித்துவிட்டார். இரண்டாம் பாகம் மகள் பிறந்த சமயத்தில் வந்தது. அக்கா பிரசவ அறையில் இருந்தபோது இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கோட்டை மதில் பற்றிப் போனில் விவாதம் செய்துகொண்டிருந்தார். மூன்றாம் பாகத்துக்கு அதற்குப் பிறகு காத்திருக்கத் தொடங்கியவர், மகள் பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் காத்திருந்தார்.

அவருடைய கூட்டாளிகளையும் சொல்ல வேண்டும். போனில் ஒரு குழு. யாரும் யாரையும் நேரில் பார்த்தது கிடையாது. ஒருவர் படைத்தலைவர், ஒருவர் ஒற்றர் தலைவர், ஒருவர் களஞ்சியக் காவலர். நிஜத்தில் ஒற்றர் தலைவர் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறார். இந்த மந்திரிசபை கூடி, வராத விளையாட்டைப் பற்றி வருஷக்கணக்கில் பேசியது. கம்பெனி ஒரு குதிரைப் படத்தை வெளியிட்டால், அந்தக் குதிரையின் சேணத்தை வைத்து ஒரு வாரம் ஆராய்ச்சி நடக்கும். இலவு காத்த கிளியாவது பழுக்கும் என்று நம்பித்தான் காத்திருந்தது. இவர்கள் பழத்துக்கு விமர்சனமே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஒருவழியாக விளையாட்டு வந்தது. மாமா முன்பதிவு செய்திருந்ததால் தகரப்பெட்டியில் ஒரு துணி வரைபடமும் சேர்ந்து வந்தது. அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். நீலத்தில் ஆறு, அதன்மேல் அழகான பாலம், அக்கரையில் எதிரியின் கொடி. மகள் பக்கத்தில் நின்று, "பாலத்துல போனா அங்க போயிடலாமாப்பா?" என்று கேட்டாள். "போகலாம்டா" என்றார் மாமா.

போக முடியவில்லை. அதுதான் முதல் கோளாறு. படை பாலத்தின் நடுவுக்கு வந்ததும் ஒருவன்மேல் ஒருவன் ஏறி நின்று, ஆற்றில் விழுந்து, தண்ணீருக்கு அடியிலேயே நடந்துகொண்டிருந்தது. வயலில் உழுகிறவன் மாட்டை விட்டுவிட்டு ஏரை மட்டும் இழுத்தான். ராணி பேசும்போது வாய் அசையவில்லை, பின்னால் நின்ற காவலாளிக்கு அசைந்தது. ஆசையாய்க் காத்திருந்து வாங்கியவர்கள் எல்லாம் கம்பெனியைக் கண்டபடி திட்டினார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. கேட்ட கையோடு புதுக் குதிரைகள் தனி விலைக்குக் கிடைக்கும் என்றும் அறிவித்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

முதல் இரண்டு நாள் மாமா வீடு சாவு வீடாக இருந்தது. சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவுக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க, வேற ஏதாவது விளையாடுங்க" என்றாள். நானும் ஒரு நல்ல வார்த்தை சொல்வோமென்று, "ஏமாத்திட்டானுங்க மாமா" என்றேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "யாரு ஏமாத்துனது?"

"கம்பெனிக்காரன்தான்."

"உனக்கு ஆழம் புரியலை மாப்ள" என்றார்.

எனக்குப் பகீரென்றது. ஏமாந்தவனைத் தேற்றலாம். ஏமாந்ததில் ஆழம் கண்டுபிடித்தவனை என்ன செய்வது?

அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு தத்துவம் முளைத்தது. ஏரை மனிதனே இழுப்பது, போரில் மாடுகள் செத்துப்போனதைக் காட்டவாம். ராணிக்கு வாய் அசையாதது, அவளுக்கு நாட்டில் பேச்சுரிமை இல்லை என்பதற்கான குறியீடாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, சரி. இங்கே குஞ்சே பொரிக்கவில்லை, கூமுட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கம் தங்கம் என்கிறார்கள்.

இந்தக் கூட்டத்திலேயே பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் என் மாமா. விஷயம் இதுதான். விளையாட்டில் எதிரிப்படை கிளம்பி வரும், ஆற்றின் அக்கரை வரை வரும், வந்து நின்றுவிடும். பிறகு அசையாது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நிற்கும். நாம் பொறுமை இழந்து தாக்கப் போனால் பாலத்தில் நம் படை கவிழ்ந்து ஆற்றோடு போகும். போகாமல் இக்கரையிலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஊர் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மூளையுள்ளவன் என்ன நினைப்பான்? எதிரிக்கும் கோளாறு, பாலத்துக்கும் கோளாறு என்று நினைப்பான். மாமா நினைக்கவில்லை. அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பொறுமைப் போர் என்று அதற்குப் பெயர். எதிரி காத்திருக்கிறான், நம் நெஞ்சுரத்தைச் சோதிக்கிறான், முதலில் நகர்ந்தவன் தோற்றான் என்பது அதன் சாரம். இதுவரை வந்த எந்த விளையாட்டிலும் இல்லாத ஞானம் இது, அவசரக்காரர்களுக்குப் புரியாது என்று முடித்திருந்தார்.

குழு கொண்டாடித் தீர்த்தது. வேறு குழுக்களுக்கும் அது பரவியது. ஒருவர் அதை வாசித்து வீடியோ போட்டார். அப்போதுதான் மாமாவுக்கு ராஜகுரு பட்டம் வந்தது. பட்டம் வந்ததிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. டீக்கடையில் கிளாஸைக்கூட உடனே எடுப்பதில்லை, டீ ஆறுகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

சாயங்காலம் மேஜை முன்னால் உட்கார்ந்ததும் மகள் கேட்பாள்: "அப்பா, எதிரி வந்துட்டானா?"

"இன்னும் இல்லடா. காத்துட்டு இருக்கான்."

"எதுக்கு?"

"அப்பா தப்பு பண்றதுக்கு."

அடுப்படியிலிருந்து அக்கா சொல்வாள், "அதுக்கு எதுக்கு அவன் காத்திருக்கணும்?"

இதெல்லாம் வீட்டோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் கடை முதலாளி இரண்டாவது கடை திறக்க ஏற்பாடு செய்தார். பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம், நல்ல தெரு. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் தேவை. கடைக்கு மேலே வீடு, பொறுப்பாளர் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம். நான் போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, தனி அடுப்படி, தெருவைப் பார்த்த பால்கனி. மகளுக்கு ஒரு கட்டில் போட்டால் கால் எந்த மேஜைக்கு அடியிலும் போகாது. அக்காவிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே மனதால் அங்கே குடி போய்விட்டாள். எந்த மூலையில் எது என்பதுவரை முடிவாகிவிட்டது.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தானாகக் கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கேட்டால் மறுக்கும் பழக்கமும் குறைவு. சம்பள உயர்வோ லீவோ, வாயைத் திறந்து கேட்டவனுக்குத்தான். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

நான் பொட்டலத்தோடு பின்னறையில் நின்ற ஒருநாள் முதலாளி வந்து கதவில் சாய்ந்துகொண்டார். "புதுக் கடைக்கு ஆள் பாத்துட்டு இருக்கேன்பா. குடும்பஸ்தனா இருந்தா நல்லது. தொழில் தெரிஞ்சவனா இருந்தா இன்னும் நல்லது."

இதைவிட ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? தட்டில் வைத்து நீட்டுகிறார். மாமா, "ம்ம்" என்றார். மெஷினைப் போட்டார். தண்ணீர் சொட்டியது, லென்ஸ் கிறீச்சிட்டது. முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன மாமா இது? கேக்க வேண்டியதுதானே!"

மாமா லென்ஸை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தபடி சொன்னார்: "அவர் சோதிக்கிறார் மாப்ள. நான் போய்க் கேட்டா என் மதிப்பு இறங்கிடும். அவரே வருவார்."

"இப்ப வந்தாரே!"

"வந்தார், நின்னார், போனார். இன்னும் கரையிலதான் இருக்கார்."

எனக்கு அந்த லென்ஸை வாங்கித் தரையில் அடிக்கலாம் போலிருந்தது. யாருடைய கண்ணுக்கோ போக வேண்டியது என்று விட்டுவிட்டேன்.

முதலாளி அடுத்த வாரமும் வந்தார். "மேல வீடு சும்மா கிடக்குதுப்பா" என்றார். மாமா புன்னகை செய்தார். சும்மா கிடக்கிற வீட்டைப் பற்றி ஒருவர் பேசினால், ஒற்றை அறையில் இருக்கிறவன் செய்கிற காரியமா அது? இதற்குள் முன்பக்கக் கவுண்டரில் நிற்கிற விற்பனையாளர் தன் மாமியாரையே கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டிவிட்டு வந்தார். முதலாளியிடம் கேட்டும் விட்டார். யோசிக்கிறேன் என்றாராம் முதலாளி. இதை மாமாவிடம் சொன்னேன்.

"பாத்தியா? அவன் நகர்ந்துட்டான். தோத்தான்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. நான் வாசலில் செருப்பைப் போட்டபடி நின்றேன், போகவும் மனமில்லை.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. புள்ளை காலை நீட்டிப் படுக்கணும்னு ஆசை இல்லையா உங்களுக்கு?"

"ஆசை இருக்கிறதாலதான் பொறுமையா இருக்கேன். உனக்கு இந்த யுத்தி புரியாது."

"எது, ஆத்தங்கரையில மரம் மாதிரி நிக்குதே, அதுவா?"

"அதைப் பத்தி எத்தனை பேர் பாராட்டி எழுதியிருக்காங்க தெரியுமா?"

அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத சண்டையை நான் அதுவரை பார்த்ததில்லை. மகள் மேஜைக்கு அடியில் கால் நீட்டி, இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அக்கா எனக்குப் போன் செய்தாள். "வண்டியை எடுத்துட்டு வா. முதலாளியைப் பாக்கணும்." பாவம், கணவனுக்காகக் கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். போகிற வழியில், "நீ போய்க் கேட்டா மாமாவுக்குத்தான் அசிங்கம்" என்றேன். "வண்டியைப் பாத்து ஓட்டு" என்றாள்.

முதலாளிக்கு அக்காவைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அதே கடையில் கவுண்டரில் நின்றவள். ஒரு முகத்தைப் பார்த்த உடனே எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். பின்னறைக்காரரைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்றதும் வேலையை விட்டாள். மாமாவின் முகத்துக்கு மட்டும் பொருத்தம் பார்க்காமல் விட்டாளே என்று நான் அவளிடம் சொல்வது உண்டு.

"வாம்மா. உன் வீட்டுக்காரருக்காகத்தானே வந்திருக்கே?" என்றார் முதலாளி.

"இல்ல சார். எனக்காக. புதுக் கடையை நான் பாத்துக்கறேன். அந்த வீடும் வேணும்."

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு மெஷின் வேலை தெரியாதே?"

"மெஷினுக்கு ஆள் போட்டுக்கலாம் சார். வர்றவங்ககிட்ட வாயைத் திறந்து பேச ஆள் வேணும்ல?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கவுண்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பின்னறைக் கதவை ஒருமுறை பார்த்தார். கதவுக்குப் பின்னால் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "ஒண்ணாம் தேதி வந்து சாவி வாங்கிக்கோ" என்றார்.

இவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது. மாமா வாரக்கணக்கில் காத்த கோட்டையை என் அக்கா ஒரு டீ ஆறுகிற நேரத்தில் பிடித்துவிட்டாள்.

மாமாவுக்குச் செய்தி போனபோது முகம் சுருங்கியது. "யாரைக் கேட்டுப் போய்க் கேட்டே?"

"வேலை கேக்குறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா அவரே என்னைக் கூப்பிட்டிருப்பார். நீ கெடுத்துட்டே."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. மாமாவுக்கு மீசையே கிடையாது, அதனால் இன்னும் வசதி.

அதே வாரத்தில்தான் விளையாட்டுக் கம்பெனி ஒரு பேட்ச் அனுப்பியது. பேட்ச் என்றால் தாங்கள் விட்ட ஓட்டையைத் தாங்களே பிறகு அடைத்து அனுப்பும் ஒட்டு. எதையெல்லாம் சரிசெய்தோம் என்று ஒரு அறிவிப்பும் கூடவே வரும். நான் அன்று வீட்டில் இருந்தேன், மாமா தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். பாலத்தில் படைகள் கவிழும் கோளாறு சரிசெய்யப்பட்டது. அதற்கு அடுத்த வரி, எதிரிப் படைகள் ஆற்றங்கரையில் செயலற்று நின்றுவிடும் கோளாறு சரிசெய்யப்பட்டது.

செயலற்று. அந்தச் சொல்லை நான் இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன். மாமாவின் காது சிவந்தது. எதிரி காத்திருக்கவே இல்லை. சோதிக்கவும் இல்லை. அவன் பாட்டுக்கு நின்றான், அவனுக்கு நகரத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஞானத்துக்குக் கம்பெனி ஒதுக்கியது ஒரு வரி.

மாமா விளையாட்டைத் திறந்தார். அக்கரையில் கொடி அசைந்தது. எதிரி பாலத்தில் ஏறினான். யாரும் கவிழவில்லை. வரிசையாக, ஒழுங்காக இக்கரைக்கு வந்தான். மாமாவிடம் நந்தவனம் இருந்தது, நீரூற்று இருந்தது, நூலகம் இருந்தது. வரவே மாட்டான் என்ற தைரியத்தில் மதிலுக்குக் கதவு மட்டும் வைக்கவில்லை. மகள் பாயிலிருந்து துள்ளி எழுந்து கை தட்டினாள். "அப்பா! எதிரி வந்துட்டான்! வந்துட்டான்பா!" குழந்தைக்கு அவ்வளவு சந்தோஷம். எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்!

இத்தோடு அந்த மந்திரிசபைக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மறுநாளே குழுவில் ஒரு முறையீடு எழுதிக் கையெழுத்துத் திரட்டத் தொடங்கினார்கள். விளையாட்டு கெட்டுப்போய்விட்டதாம். எதிரியை முன்புபோலவே நிற்க வைக்க வேண்டுமாம். கோளாறைத் திருப்பிக் கொடு என்று ஊர்வலம் போகாத குறை! முதல் கையெழுத்து ராஜகுருவுடையது. மகனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, பழையபடி ஏற்றிக் கொடுங்கள் என்று எந்தத் தகப்பனாவது டாக்டரிடம் சண்டை போடுவானா? இவர்கள் போடுவார்கள்.

வீடு மாறும் நாள் வந்தது. சாமான் வண்டி கீழே நின்றது. சுமப்பவர்கள் பீரோவை இறக்கினார்கள், பாத்திரப் பெட்டியை இறக்கினார்கள். அக்கா சுவரிலிருந்து துணி வரைபடத்தை ஆணியோடு பிடுங்கி, முகம் பார்க்கும் கண்ணாடியை அதில் சுற்றிக் கட்டினாள். மாமா மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை.

"இதையும் எடுக்கணுமா?" என்று சுமப்பவர் மேஜையைக் காட்டிக் கேட்டார்.

அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் சொல்லட்டும் என்று பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். "அதைத் தவிர மத்தது எல்லாம் எடுத்துக்குங்க" என்றாள்.

எல்லாம் இறங்கிப் போனது. கடைசியாக வாளியை எடுக்க நான் மேலே போனேன். அறை இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மாமா.

"அக்கா ஏதாவது சொன்னாளா?" என்றார்.

"இல்ல."

"கீழ காத்துட்டு இருக்காளா?"

"வண்டி போயாச்சு மாமா. அவளும் போயாச்சு. யாரும் காத்துட்டு இல்ல."

அவர் எழுந்து ஜன்னலுக்கு வந்து கீழே பார்த்தார். வண்டி நின்ற இடத்தில் கொஞ்சம் எண்ணெய் சொட்டிக் கிடந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன். கேலி செய்யத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஒரு வாரம் அந்தக் காலி அறையில் தனியாக இருந்தார். பன்னையும் டீயையும் வைத்து ஓட்டினார். பழைய கடைக்குப் போனார், வந்தார். குழுவில் அவர் ஒன்றுமே எழுதவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ராஜகுரு எங்கே என்று சிலர் கேட்டார்களாம். பிறகு அடுத்த விளையாட்டின் குதிரைப் படம் வந்ததும் கேட்பதை விட்டுவிட்டார்களாம்.

புதுக் கடைக்கு நான் லென்ஸ் கொண்டுபோன ஒரு காலையில் முதலாளி அங்கே வந்திருந்தார். அக்கா கவுண்டரில் ஒரு அம்மாவுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பால்கனியிலிருந்து மகளின் குரல் தெருவெல்லாம் கேட்டது. "அம்மா! வந்துட்டாரு! அப்பா வந்துட்டாரு!" எதிரி வந்தபோது போட்ட அதே கூச்சல்.

மாமா படியேறி உள்ளே வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அக்காவைப் பார்க்காமல் நேராக முதலாளியிடம் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சார், இந்தக் கடையில மெஷினுக்கு ஆள் வேணுமா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு கேள்வி!

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேணும்பா. ஆனா இங்க ஆள் எடுக்கறது நான் இல்ல. பொறுப்பாளரைக் கேளு" என்று அக்காவைக் கைகாட்டிவிட்டு, ஃபிரேம் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் விஷம்.

மாமா கவுண்டருக்கு முன்னால் வந்தார். அந்த அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அவர் முறை வரும்வரை அக்கா நிமிரவே இல்லை.

"சொல்லுங்க" என்றாள்.

"மெஷினுக்கு ஆள் வேணும்னு சொன்னாங்க."

"இப்ப எங்க வேலை பாக்குறீங்க?"

"பழைய கடையில. லென்ஸ் ஃபிட்டிங்."

"அதை விட்டுட்டு எதுக்கு இங்க வர்றீங்க?"

இதற்கு ஏதாவது யுத்தி சொல்வார், ஆழம் என்பார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மாமா கவுண்டரின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் வைத்தார். நகக்கண்ணில் எல்லாம் லென்ஸ் தூள்.

"வீடு இங்கதான் இருக்கு" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எதையோ தேடுகிறவள் போல இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். அப்புறம்தான் பேசினாள்.

"ஒன்பதுக்குக் கடை திறப்போம். லேட்டா வரக்கூடாது. மேல போய் முகத்தைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க."